பழைய மேனுவல் ஜூம்: 2,000 ரூபாய்க்கு வாங்கலாமா?

வாசகர் கேள்வி, 14 நவம்பர் 2023

அண்ணா, என்னிடம் சோனி ஏ6000 இருக்கிறது. கூடவே வந்த 16-50 மட்டும்தான் லென்ஸ். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது ஒரு பழைய ஸ்டூடியோவில் 70-210 ஜூம் ஒன்றைப் பார்த்தேன். ஆட்டோபோகஸ் கிடையாது. 2,000 சொல்கிறார்கள். "பழைய லென்ஸ் வாங்குவதென்றால் பிரைம் (ஜூம் ஆகாத, ஒரே நீள லென்ஸ்) வாங்கு, பழைய ஜூம் எல்லாம் குப்பை" என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் அப்படி ஒன்றை வைத்துத்தான் எடுக்கிறேன் என்று முன்பு சொன்னீர்கள். உண்மையிலேயே நன்றாக இருக்குமா, இல்லை சும்மா ஒரு ஆசையா?

14 நவம்பர், இரவு

வாங்குங்கள் தம்பி. 2,000 ரூபாய் இன்று ஒரு நல்ல யுவி ஃபில்டரின் விலை. என்னுடையது 1,800. விவிடார் சீரீஸ் 1, 70-210, எந்தக் குவிய நீளத்துக்குப் போனாலும் அபெர்ச்சர் எஃப்/3.5. விருதுநகரில் மூடப்போகிற ஒரு ஸ்டூடியோவில் 2019-இல் வாங்கினேன். கிரான் என்ற ஜப்பான் கம்பெனி ஆட்கள் செய்துகொடுத்த முதல் பதிப்பு. அதில் எடுத்த படத்தையும் பிரைமில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது.

"பழைய ஜூம் குப்பை" என்ற பேச்சுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கு வந்த முதல் ஜூம் 1959-இன் ஃபோக்ட்லாண்டர் ஸூமார், 36-82. பிறகு 1963-இல் நிக்கான் 43-86. இது நன்றாக விற்றது, நன்றாகத் திட்டும் வாங்கியது. ஒரு முனையில் நேர்ச்சுவர் பானை வயிறாகப் பிதுங்கும், மறுமுனையில் உள்வாங்கும். பின்னால் நிக்கானே உள்ளே இருக்கும் கண்ணாடி அமைப்பை மாற்றிப் புதிதாகப் போட்டார்கள். ஆனால் கெட்ட பெயர் போகவில்லை. 70-களில் கணினி வைத்துக் கணக்குப் போட்டு வந்த ஜூம்கள் வேறு ரகம். அதையெல்லாம் கையில் எடுத்துப் பார்க்காமலேயே அப்பா சொன்னார், மாமா சொன்னார் என்று திட்டுகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம் மிரர்லெஸ் வந்தது. 2008-இல் பானசோனிக் ஜி1, 2010-இல் சோனி நெக்ஸ். எஸ்எல்ஆரில் ஆடி ஏறி இறங்க இருந்த இடம் மிச்சமானது. அந்த இடத்தை ஒரு வெற்று உலோக வளையத்தால் நிரப்பினால் எந்தக் காலத்து லென்சும் உட்காரும். எல்லோரும் பழைய 50 எஃப்/1.4 பின்னால் ஓடினார்கள். ஜெனிட் கேமராவின் மூக்கில் சும்மா ஒட்டிக்கொண்டு வந்த ஹீலியோஸ் 44-க்கு, பின்னணி சுழல்கிறது என்று தனி விலை வந்தது. ஜூமை யாரும் சீந்தவில்லை. உங்கள் 2,000-க்குக் காரணம் அதுதான்.

15 நவம்பர், காலை

காபிக்கு முன்பே ஒரு திருத்தம். என் லென்ஸ் முதல் பதிப்பு இல்லை.

ராத்திரி பெருமையாக எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எடுத்து வரிசை எண்ணைப் பார்த்தால் 37 என்று தொடங்குகிறது. விவிடாருக்குச் சொந்தத் தொழிற்சாலை இருந்ததில்லை. அது அமெரிக்க நிறுவனம், ஜப்பானில் பல பேரிடம் செய்து வாங்கித் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும். நாலு மில்லில் அரைத்த மிளகாய்த்தூளை ஒரே பாக்கெட்டில் விற்கிற மாதிரி. எந்த மில் என்று வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் சொல்லும்: 22 என்றால் கினோ, அதாவது கிரான். 28 கொமினே. 37 டொகினா. மூன்றாவது இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்த இரண்டு வாரம். என்னுடையது 37211 என்று போகிறது: டொகினா, 1982, 11-ஆம் வாரம். ஆக இது இரண்டாம் பதிப்பு.

இதில் கேவலம் என்னவென்றால் முதல் பதிப்புக்கு ஃபில்டர் அளவு 67 மி.மீ., இரண்டாவதற்கு 62. நாலு வருடமாக 62 என்று எழுதிய மூடியைப் போட்டு மூடிக்கொண்டே முதல் பதிப்பு என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

18 நவம்பர்

லென்ஸ் எப்படி என்று கேட்டீர்கள், நான் சரித்திரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கைக்கு வருவோம்.

இதில் ஒரே வளையம்தான், உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் போட்டது. சுற்றினால் போகஸ். நம் பக்கம் இழுத்தால் 210, முன்னால் தள்ளினால் 70. சைக்கிள் பம்பு என்று கேலி செய்வார்கள். ஆனால் இடது கை ஒரே இடத்தில் இருக்கும், எடுத்து மாற்றி வைக்க வேண்டாம். எடை முக்கால் கிலோவுக்குக் குறையாது. அந்த எடையே கையை நிலையாக வைக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன், கழுத்து ஒத்துக்கொள்ளாது.

இதை எனக்கு விற்ற ஸ்டூடியோக்காரரைப் பெரியவர் என்றே சொல்கிறேன். 80-களில் யாஷிகா எஃப்எக்ஸ்-3 வைத்துக் கல்யாணம் எடுத்தவர். லென்ஸ் சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்தது. நான் விலை கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் லென்சைக் கேமராவில் மாட்டி, எதிர்க் கடையில் வடை போட்டுக்கொண்டிருந்த அம்மாவைக் காட்டி என் கையில் கொடுத்தார்.

"முழுசா இழுங்க. அந்தம்மா பொட்டு தெரியுதா? அதுல போகஸ் வைங்க. இப்ப தள்ளிக்கிட்டே வாங்க. சட்டி, அடுப்பு, பக்கத்துல நிக்கிற பையன் எல்லாம் உள்ள வந்திருச்சா? அடிங்க. போகஸ் அங்கேயே நிக்கும்."

கல்யாணத்திலும் அப்படித்தானாம். கெட்டிமேளம் கொட்டும்போது முன்னால் உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாம் அட்சதை போட எழுந்துவிடுவார்கள். தலைகளுக்கு நடுவே ஒரு சந்து கிடைக்கும், மூன்று நொடிக்கு. ரோலில் இருப்பது 36 படம், தாலிக்கு ஒன்றோ இரண்டோதான் ஒதுக்க முடியும். 70-இல் வைத்துப் பார்த்தால் மணப்பெண் முகம் வ்யூஃபைண்டரில் சுண்டைக்காய் அளவு, நடுவிலுள்ள பிளவு வட்டத்தில் (பிம்பம் இரண்டு பாதியாகத் தெரியும், இரண்டும் சேர்ந்தால் போகஸ்) எதைச் சேர்ப்பது? அதனால் முகூர்த்தத்துக்கு முன்பே 210-க்கு இழுத்து, பொட்டின் இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். எல்லா நீளத்திலும் எஃப்/3.5 என்பதால் பிளவு வட்டம் கறுக்காது, ஃபிளாஷ் கணக்கும் மாறாது. எஃப்/5.6-க்கு இறங்குகிற ஜூமில் அந்த வட்டத்தில் ஒரு பாதி இருண்டுவிடும்.

பழைய ஜூமின் ருசி எனக்கு அங்கே பிடித்தது. கூர்மை, நிறம் இதெல்லாம் பின்னால் வந்த கவலை.

26 நவம்பர்

அக்கா மகள் நிச்சயதார்த்தம். பெரியவர் சொன்ன வித்தையைச் செய்து பார்க்க நல்ல இடம் என்று சோனி ஏ7 II-இல் இந்த லென்சை மாட்டிக்கொண்டு போனேன். 210-இல் பொட்டு. வ்யூஃபைண்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன், போகஸ் ஆன இடத்தைக் காட்டும் பீக்கிங்கின் சிவப்புக் கோடு பொட்டைச் சுற்றி மின்னியது. தள்ளினேன். அடித்தேன். சுமார் 200 படம்.

வீட்டுக்கு வந்து திறந்தால் 210-இல் எடுத்தவை பரவாயில்லை. 70-இல் எடுத்த எல்லாமே மழுங்கல். சிலதில் விளிம்புகள் இரட்டையாகத் தெரிகின்றன, காய்ச்சல்காரன் பார்வை மாதிரி. மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும் ஒரே ஒரு படத்தில் துல்லியமாக இருக்கிறார். அவரை நான் எடுக்கவே இல்லை, பின்னால் நடந்து போனவர்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் வலிக்கிறது.

14-ஆம் தேதி "வித்தியாசம் தெரியாது" என்று எழுதியதை யாரும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 41 வருடத்து லென்ஸ், உள்ளே கண்ணாடி ஏதோ நகர்ந்திருக்க வேண்டும். பெரியவரின் வித்தை லென்ஸ் புதிதாக இருந்தபோது பலித்திருக்கும்.

28 நவம்பர்

"அப்போ வாங்கவா, வேண்டாமா?" என்று தம்பி மறுபடி கேட்கிறார். கொஞ்சம் பொறுங்கள். எனக்கே தெரியவில்லை.

9 டிசம்பர்

மிக்ஜாம் புயல் வந்து போனது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், மூன்று நாள் மின்சாரம் இல்லை. நாங்கள் மாடியில் இருப்பதால் பொருள் எதுவும் போகவில்லை. ஆனால் வீடு முழுக்க ஈரத்துணி வாடை.

லென்ஸ் டப்பாவைத் திறந்தால் சிலிக்கா ஜெல் நீலமாக இருந்தது எல்லாம் வெளிறிய இளஞ்சிவப்பு. உடனே டார்ச். பின்பக்கம் ஒளி அடித்து முன்பக்கம் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி மெல்லிய கிளை, அரை நகம் அளவு. பூஞ்சை. புயலுக்குப் பிறகு வந்ததா, நாலு வருடமாக இருந்து நான் பார்க்காமல் விட்டதா என்று சொல்லத் தெரியாது. 37-ஐ 22 என்று வாசித்தவன் நான்.

பிரைம் என்றால் ஆறு கண்ணாடி ஏழு கண்ணாடி, பிரித்துத் துடைக்கலாம். ஜூமில் பத்துப் பதினைந்து. நகரும் குழல்களின் மரை பல இடத்தில் தொடங்கும். எந்த இடத்தில் கழன்றது என்று குறித்து வைக்காமல் கழற்றினால் திரும்பக் கோக்கிறவரைக்கும் தூக்கம் கிடையாது. அதனால்தான் 1,800 ரூபாய் ஜூமைப் பழுது பார்க்க யாரும் கைவைப்பதில்லை, கூலியே அதற்கு மேல் ஆகும். ஓரத்தில் இருக்கிற இந்த அளவுப் பூஞ்சை படத்தில் தெரியாது. பரவாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அம்மா "அரிசி டப்பாவில் போட்டு வை" என்றார்கள். போட்டேன்.

11 டிசம்பர்

அரிசி டப்பாவில் போடாதீர்கள். அரிசி ஈரத்தை உருப்படியாக இழுக்காது, தவிட்டுத் தூசிதான் வளைய இடுக்கில் ஏறும். இன்று காலை லென்சின் மேல் ஒரு வண்டு உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்கு வண்டைப் பற்றித்தான் கவலை, அது என் லென்சிலிருந்து அரிசிக்குப் போயிருக்குமாம்.

காற்றுப் போகாத பிளாஸ்டிக் டப்பா, புது சிலிக்கா ஜெல், 300 ரூபாய்க்குச் சின்ன ஈரமானி. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் சரி. ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் மெல்ல வறுத்து மறுபடி போடலாம். சமைக்கிற வாணலியில் வேண்டாம்.

16 டிசம்பர்

இரட்டை விளிம்பு மர்மம் தீர்ந்தது. குற்றவாளி நான்.

ஏ7 II-இல் உடம்புக்குள்ளேயே அசைவுத் தடுப்பு உண்டு, சென்சார் தானே நகர்ந்து கை நடுக்கத்தைச் சரிசெய்யும். எவ்வளவு நகர வேண்டும் என்பது லென்சின் நீளத்தைப் பொறுத்தது. புது லென்ஸ் அதைத் தானே சொல்லிவிடும். பழைய லென்சுக்கு வாய் கிடையாது, நாம்தான் மெனுவில் எண்ணைப் போட வேண்டும். நான் என்றைக்கோ 200 என்று போட்டுவிட்டு மறந்துவிட்டேன். 200-க்கு உரிய அசைவை 70-இல் கொடுத்தால் தேவைக்கு மூன்று மடங்கு சென்சார் ஓடும். கை நடுங்கியது ஒரு பக்கம், கேமரா நடுங்கியது மறு பக்கம்.

பிரைம்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஒரு எண் போட்டால் முடிந்தது. ஜூம்காரன் நீளம் மாற்றும்போதெல்லாம் மாற்ற வேண்டும், நடக்கிற காரியமில்லை. இனி 70 என்று போட்டுவைக்கப் போகிறேன். 210-இல் தடுப்பு போதாமல் இருக்கும், ஆனால் இல்லாத நடுக்கத்தை அது உண்டாக்காது.

இரட்டை விளிம்பு போய்விட்டது. மழுங்கல் மட்டும் 70-இல் அப்படியே இருக்கிறது. அதற்கு இன்னும் லென்சைத்தான் சந்தேகப்படுகிறேன்.

24 டிசம்பர்

மார்கழி. விடியற்காலை மயிலாப்பூர் மாட வீதியில் கோலம் எடுக்கப் போனேன். இந்த லென்சுக்கு இன்னொரு குணம் உண்டு, சொல்ல மறந்துவிட்டேன். வளையம் தளர்ந்துபோனது. கோபுரத்தைப் பார்த்து நிமிர்ந்தால் அதுவாக வழுக்கி 210-க்கு வருகிறது, கோலத்தைப் பார்த்துக் குனிந்தால் அதுவாக 70-க்குப் போகிறது. நான் எதற்கு நடுவில் என்று தோன்றியது.

உள்ளே குழலுக்கும் வளையத்துக்கும் நடுவே இருக்கிற மெத்தைத் துணி தேய்ந்ததால் வருவது. பூக்காரம்மாவிடம் பூவோடு வந்த ரப்பர் பேண்டை வளையம் முடிகிற இடத்தில் குழலின் மேல் மாட்டினேன். நின்றுவிட்டது. நாற்பது வருடத்து ஜப்பான் பொறியியலுக்கு மயிலாப்பூர் ரப்பர் பேண்ட்.

7 ஜனவரி 2024

வேடந்தாங்கல். ஒரு வார்த்தையில் சொன்னால் 210 போதாது. இரண்டு வார்த்தையில் சொன்னால் கொஞ்சமும் போதாது. பக்கத்தில் 600 வைத்திருந்தவர் என் லென்சைப் பார்த்துவிட்டு மரியாதையாக "கல்யாணம் எடுக்கிறவரா சார்?" என்று கேட்டார். தம்பியின் ஏ6000-இல் சென்சார் சிறியது, 210 அங்கே 315 மாதிரி நடக்கும். அதுவும் மரத்துக் கொக்குக்குத்தான் எட்டும்.

ஆனால் போனது வீண் இல்லை, வெயிலில் லென்சின் குறையெல்லாம் வரிசையாக வந்து நின்றது. வெள்ளைக் கொக்கு, பின்னால் வெளிறிய வானம்: இறக்கை விளிம்பு முழுக்க ஊதாக் கோடு. எஃப்/3.5-இல் மொச்சைக் கொட்டை அளவு, எஃப்/8-இல் கடுகு அளவு. குறையும், போகாது. சூரியன் முன்னால் வந்தால் படம் முழுக்க மோர் ஊற்றிய மாதிரி வெளுக்கிறது. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பூச்சு போட்டால் வெகுவாகக் குறையும், ஆனால் இத்தனை கண்ணாடிக்கு ஒரு முன் ஒரு பின் என்று எண்ணிப் பாருங்கள். சிதறிய வெளிச்சம் எல்லாம் உள்ளேயே சுற்றிக்கொண்டு கறுப்பைச் சாம்பலாக்கும். லென்ஸ் ஹூட் கட்டாயம். நான் காலண்டர் அட்டையைச் சுருட்டிக் கறுப்புத் தாள் ஒட்டி வைத்திருக்கிறேன், 62 மி.மீ. ரப்பர் ஹூட் கிடைக்கிறவரைக்கும்.

"பிரைமோடு வித்தியாசம் தெரியாது" பற்றி, இப்போது நிதானமாக: எஃப்/8, சூரியன் முதுகுப் பக்கம், படத்தின் நடுப்பகுதி. இந்த மூன்றும் சேர்ந்தால் தெரியாது. ஒன்று போனால் தெரியும்.

12 ஜனவரி

லென்சிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

மழுங்கலுக்குக் காரணம் அடாப்டர், அதாவது லென்சுக்கும் கேமராவுக்கும் நடுவில் போடுகிற அந்த வெற்று உலோக வளையம். யாஷிகா மவுண்டில் லென்சின் அடியிலிருந்து ஃபிலிம் வரை 45.5 மி.மீ. தூரம். சோனியில் 18. ஆக நடுவில் போடுகிற வளையம் சரியாக 27.5 மி.மீ. இருக்க வேண்டும். மலிவு அடாப்டர்களைக் கொஞ்சம் குட்டையாகவே செய்கிறார்கள், எந்த லென்சைப் போட்டாலும் தொலைதூர போகஸ் கிடைக்காமல் போய்விடக் கூடாதே என்று. பிரைமில் இது தெரியவே தெரியாது. வளையம் முடிவிலிக் குறியைக் கொஞ்சம் தாண்டித் திரும்பும், நாம் கண்ணால் பார்த்து போகஸ் செய்கிறோம், அவ்வளவுதான்.

ஜூமில் கதை வேறு. நீளம் மாறினாலும் போகஸ் நிற்க வேண்டுமென்றால் பிம்பம் எல்லா நீளத்திலும் ஒரே தளத்தில் விழ வேண்டும், அந்தத் தளத்தில்தான் சென்சார் இருக்க வேண்டும். சென்சார் ஒரு மயிரிழை தள்ளி இருந்தால்? 210-இல் போகஸ் வளையத்தை இம்மியளவு திருப்பி அதைச் சரிக்கட்டிவிடுகிறோம், நமக்கே தெரியாது. அந்தத் திருப்பல் 70-இல் ஒன்பதில் ஒரு பங்குதான் பேசும், பிழையின் பெரும்பகுதி அப்படியே நிற்கும். 0.1 மி.மீ. போதும், எஃப்/3.5-இல் கண்ணுக்குத் தெரிகிற மழுங்கல்.

சோதனை: ட்ரைபாடில் வைத்து, அசைவுத் தடுப்பை அணைத்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கிற கைபேசிக் கோபுரத்தைப் பார்த்தேன். 210-இல் போகஸ், 70-க்குத் தள்ளல், பெரிதாக்கிப் பார்த்தல். மழுங்கல். அடாப்டரின் பின்பக்க நாலு திருகைக் கழற்றி, அடுப்படியிலிருந்து அலுமினியத் தாள் எடுத்து வளையமாக வெட்டி உள்ளே வைத்தேன். ஒரு தாள் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. இரண்டு தாளில் கொஞ்சம் தேறியது. நாலில் நன்றாகத் தேறியது. ஆறில், 210-இல் வைத்த போகஸ் 70 வரை ஆடாமல் அசையாமல் நின்றது. ஏழு வைத்துப் பார்த்தேன், கெட்டது. ஆறுதான்.

நவம்பர் 26-இல் லென்ஸ் வயசாகிவிட்டது, பெரியவர் வித்தை பலிக்காது என்று எழுதினேனே, அதை அடித்துவிடுங்கள்.

13 ஜனவரி

தம்பி எழுதியிருக்கிறார். நான் முடிவு சொல்வதற்குள் அந்த 70-210-ஐ யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அதே கடையில் மினோல்டா எம்டி 35-70 எஃப்/3.5, 1,500 ரூபாய், இன்னும் பணம் கொடுக்கவில்லை, கொடுக்கலாமா என்கிறார்.

கொடுங்கள், இந்தத் தடவை யோசிக்க நேரம் கேட்க மாட்டேன். நல்ல லென்ஸ். லைக்கா ஆர் கேமராவுக்கு வந்த 35-70 எஃப்/3.5-ஐ மினோல்டாதான் செய்துகொடுத்தது. இதைச் சொல்லி 5,000 கேட்பவர்களும் இருக்கிறார்கள், லைக்கா கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். இதில் வளையம் இரண்டு, ஜூமுக்கு ஒன்று, போகஸுக்கு ஒன்று. பம்பு அடிக்கிற சுகம் இருக்காது. ஏ6000-இல் 52-105 மாதிரி, முகம் எடுக்கத் தோதான நீளம்.

பணம் கொடுக்குமுன் டார்ச் அடித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும். அபெர்ச்சர் வளையத்தைச் சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்குத் திருப்பி, இலைகளில் எண்ணெய் மினுக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். காதருகே வைத்து ஆட்டுங்கள், எதுவும் கடகடக்கக் கூடாது. தூசி இருந்தால் பரவாயில்லை. கேமரா மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும் வசதியைப் போட்டுவையுங்கள், இல்லாவிட்டால் பொத்தானை அமுக்கி அமுக்கி லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். ஏ6000-இல் உடம்பில் அசைவுத் தடுப்பே கிடையாது, அதனால் என் முட்டாள்தனத்தை நீங்கள் செய்ய வழியில்லை. அலுமினியத் தாள் வீட்டில் இருக்கும்.

20 ஜனவரி

பொங்கலுக்கு ஊருக்குப் போன கையோடு பெரியவரையும் பார்த்துவிட்டு வந்தேன். ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது கைபேசி ரீசார்ஜ் கடை, வாடகைக்கு விட்டிருக்கிறார். கேமராவைக் கையில் கொடுத்தேன். சோனியைப் பார்க்கவில்லை, லென்சைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரப்பர் பேண்டைக் கண்டு சிரித்தார். "நான் செல்லோடேப் ஒட்டியிருந்தேன்" என்றார். உண்மைதான், வாங்கிய புதிதில் ஒரு பிசுபிசுப்பு இருந்தது, துடைத்து எடுத்தது நான்தான்.

என் மகள் கரும்பு கடித்துக்கொண்டு திண்ணையில் இருந்தாள். அவர் கேட்காமலேயே கண்ணில் வைத்தார். இடது கை சர்ரென்று வயிற்றுப் பக்கம் வந்தது, விரல் நுனி ஒரு சிட்டிகை திரும்பியது, அப்படியே முன்னால் போனது, சத்தம். மொத்தம் இரண்டு நொடி இருக்கும். எடுத்ததும் வலது கட்டைவிரல் கேமராவின் மேல்மூலையில் எதையோ தேடித் தடவிவிட்டு நின்றது. ஃபிலிம் சுற்றும் நெம்புகோல் அங்கேதான் இருந்திருக்கும்.

திரையில் படத்தைக் காட்டப் போனேன். "வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காபி போடச் சொல்ல உள்ளே போய்விட்டார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். பொட்டு, அதன் மேல் ஒட்டியிருந்த கரும்புச் சக்கைத் துணுக்கு ஒன்று, கண்ணிமை எல்லாம் தனித்தனி. வீட்டுக்கு வந்து மெனுவைத் திறந்தபோதுதான் பார்க்கிறேன், 12-ஆம் தேதி ட்ரைபாடுக்காக அணைத்த அசைவுத் தடுப்பை நான் திரும்பப் போடவே இல்லை. 1/125-இல் வெறும் கையால் எடுத்திருக்கிறார்.

21 ஜனவரி

திருத்தம். 1/125 இல்லை, 1/60. இப்போதுதான் கோப்பைத் திறந்து பார்த்தேன்.